கப்பல் பார்த்து வளரும் பிள்ளை கப்பலில் ஏற வேண்டாமா?



நம்ம தூத்துக்குடிக் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கப்பல் ஒன்றும் புதுசு இல்லை. உப்பளத்து வரப்பில் நின்றாலும் தெரியும், கருவாடு காயப்போடும் மணலில் நின்றாலும் தெரியும். "அம்மா, கப்பல்!" என்று பிள்ளை கை நீட்டும். நாமும் "ஆமா மக்கா, கப்பல்" என்று சொல்லிவிட்டு நம்ம வேலையைப் பார்ப்போம்.

ஆனால் நம்மில் எத்தனை பேர் கப்பலிலோ, பயணிகள் படகிலோ ஏறியிருக்கிறோம்? எங்கள் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். 14 பேரில் கை தூக்கியவர்கள் 3 பேர்தான். அந்த மூன்று பேரும் ஏறியது கன்னியாகுமரிப் படகில். "அடுத்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எல்லாரும் போவோமா?" என்று கேட்டதும் ஒரு அக்கா சொன்னார்: "சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு கடல்லயா? வாந்தி எடுக்கும், அழும், ஓடும். நமக்கு எதுக்கு மதினி அந்த வம்பு?"

அவர் பயம் நியாயமானது. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை. நான் கண்டது ஒன்றுதான். பிள்ளையோடு கடல் பயணம் போகும்போது விளையாட்டு தனி, பாதுகாப்பு தனி என்று பிரிக்கக் கூடாது. பாதுகாப்பையே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கும் சந்தோஷம், நமக்கும் நிம்மதி. எப்படி என்று பார்ப்போம்.

எந்தக் கப்பலில் போகலாம்?

நம்ம ஊர் கப்பலுக்குப் பேர்போன ஊர். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரன் கப்பலோடு போட்டி போட்டுக்கொண்டு நம்ம கப்பல் ஓடியது. ரொம்ப காலம் கழித்து, 2011 ஜூன் மாதம் 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது. அதன் பிறகு இங்கிருந்து கொழும்புக்குத் தொடர்ந்து பயணிகள் கப்பல் ஓடவில்லை. அதனால் கடலில் போக ஆசைப்பட்டால் நாம் கொஞ்சம் வெளியூர் போகத்தான் வேண்டும்.

சின்னப் பிள்ளையை முதல் தடவையே நீண்ட பயணத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள். படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: கரையில் நின்று பார்ப்பது. முத்துநகர் கடற்கரை, ரோச் பூங்கா, முயல் தீவு இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு ஒரு சாயங்காலம் போய் வாருங்கள். பழைய துறைமுகத்துப் பக்கம் பெரிய மரத் தோணிகளைக் காட்டலாம். மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறி, கட்டுமானச் சாமான் ஏற்றிப்போவது இந்தத் தோணிகள்தான். நிலக்கரிக் கப்பல், பெட்டி பெட்டியாக அடுக்கிய சரக்குக் கப்பல், காற்றாலை இறக்கை ஏற்றும் கப்பல் என்று பிள்ளைக்கு வித்தியாசம் சொல்லுங்கள். இதற்கு பஸ் காசும் கடலைக் காசும் போதும்.

இரண்டாம் படி: கன்னியாகுமரி. கரையிலிருந்து விவேகானந்தர் பாறைக்கு அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகு விடுகிறது. சில நிமிஷப் பயணம்தான். முதல் தடவை ஏறும் பிள்ளைக்கு இதுதான் சரியான அளவு. விவேகானந்தர் மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. இரண்டு பாறைகளையும் சேர்க்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. கடல் கொந்தளித்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் படகை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குச் சண்டை போடாமல் கரையில் விளையாடிவிட்டு வாருங்கள். அவர்கள் நிறுத்துவது நம்ம நல்லதுக்குத்தான்.

மூன்றாம் படி: நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்தில் உள்ள காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல். இது 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. சில நாளில் மழைக்காலம் காரணமாக நின்றது. பிறகு 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. சுமார் 150 பேர் உட்காரலாம். தூரம் 60 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 111 கிலோமீட்டர். சுமார் 4 மணி நேரம் ஆகும். இது வெளிநாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் கட்டாயம். கைக்குழந்தையாக இருந்தாலும் அதற்கென்று தனி பாஸ்போர்ட் வேண்டும். 'அம்மா பாஸ்போர்ட்டில் பிள்ளை பேரைச் சேர்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இலங்கைக்குள் நுழையும் அனுமதி, கட்டணம், ஓடும் நாள் எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பெரிய உல்லாசக் கப்பல். 2022 ஜூன் 4-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற கப்பலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அதில் நீச்சல் குளம், ஆட்டம்பாட்டு அரங்கம், பிள்ளைகள் விளையாடத் தனி அறை எல்லாம் உண்டு. கடலில் மிதக்கும் ஒரு பெரிய ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். நம்மில் பலருக்கு இது இப்போதைக்கு எட்டாது. ஆனால் அந்தக் கப்பலில் பிள்ளைக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் பாதிக்கு மேல் கன்னியாகுமரிப் படகிலேயே கிடைக்கும். அலை, காற்று, சங்கு ஊதும் சத்தம், மடியில் வைத்துக் கதை சொல்ல ஒரு அம்மா. பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

கிண்ணக் கப்பல்: வீட்டிலேயே தொடங்கும் விளையாட்டு

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் இதைச் செய்யுங்கள். ஒரு அகலமான சட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு ரூபாய் காசைப் போடச் சொல்லுங்கள். மூழ்கிவிடும். அடுத்து எவர்சில்வர் கிண்ணத்தை மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். மிதக்கும். "காசைவிடக் கிண்ணம்தானே கனம், அது ஏன் முங்கலை?" என்று கேளுங்கள். பிள்ளை யோசிக்கட்டும்.

காரணம் இதுதான். கிண்ணம் குழிவாக, அகலமாக இருப்பதால் நிறைய தண்ணீரைத் தள்ளி ஒதுக்குகிறது. ஒதுங்கிய தண்ணீர் கிண்ணத்தை மேலே தாங்குகிறது. இரும்புக் கப்பல் மிதப்பதும் இதே காரணத்தால்தான்.

இனி விளையாட்டின் இரண்டாம் பாகம். கிண்ணத்துக்குள் புளியமுத்துகளை ஒவ்வொன்றாகப் போடச் சொல்லுங்கள். "இவங்கதான் கப்பல்ல ஏறுற ஆளுங்க" என்று சொல்லுங்கள். போடப் போடக் கிண்ணம் கீழே இறங்கும். பிள்ளையும் கூடவே எண்ணட்டும். ஒரு கட்டத்தில் விளிம்பு வரை தண்ணீர் வந்துவிடும். புளியமுத்து பற்றவில்லை என்றால் சின்னக் கல் போடலாம். இன்னும் ஒன்று போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து கிண்ணம் முங்கிவிடும். அந்தக் கடைசி முத்து சின்னதுதான். ஆனால் மூழ்கடித்தது அது மட்டும் அல்ல, அளவுக்கு மேல் ஏறிய அத்தனையும்தான்.

மூன்றாம் பாகம். பாதிதான் ஏற்ற வேண்டும். எல்லா முத்தையும் ஒரே பக்கமாக ஒதுக்குங்கள். அளவு குறைவாக இருந்தும் கிண்ணம் சாய்ந்து தண்ணீர் உள்ளே போகும்.

விளையாட்டு முடிந்ததும் சட்டித் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்கு வாளித் தண்ணீரும் ஆபத்துதான்.

இந்த விளையாட்டை நான் சும்மா சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்தது. 2011 டிசம்பர் 25-ல் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். ஆட்கள் அதிகம், உயிர் காக்கும் சட்டை இல்லை. 2014 பிப்ரவரியில் நம்ம மணப்பாடு கடலிலேயே உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து பலர் இறந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க முடியாது. 2023 மே 7-ல் கேரளாவில் தானூரில் 22 பேர். அதிலும் பிள்ளைகள் நிறைய. நம்ம சட்டித் தண்ணீரில் கிண்ணத்துக்கு நடந்ததுதான் அந்தப் படகுகளுக்கும் நடந்தது.

என் பேத்திக்கு நாலு வயசு. இந்தக் கிண்ண விளையாட்டைப் பத்து தடவையாவது விளையாடியிருப்பாள். போன வருஷம் ஒரு கடற்கரை ஊருக்குத் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஊர் பேர் வேண்டாம். ஒருத்தர் மீன்பிடிப் படகை வைத்துக்கொண்டு, "வாங்கம்மா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். பிள்ளைக்கு இலவசம்" என்று கூப்பிட்டார். ஏற்கெனவே படகு நிறைய ஆள். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். ஒரு காலைத் தண்ணீரில் வைத்துவிட்டேன். இடுப்பில் இருந்தவள் கேட்டாள்: "ஆச்சி, சட்டை எங்க? முத்து நிறைய இருக்கே, முங்கிராதா?"

என் மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. காலை எடுத்துக்கொண்டேன். அந்தப் படகு பத்திரமாகத்தான் திரும்பி வந்தது. அதனால் நாங்கள் ஏறியிருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பத்து தடவை பத்திரமாக வந்த படகுதான் பதினோராவது தடவை கவிழ்கிறது.

ஏறும் முன் 'குட்டி கேப்டன்' பார்க்க வேண்டியது

பிள்ளையைக் 'குட்டி கேப்டன்' ஆக்கிவிடுங்கள். தலையில் ஒரு தொப்பி வையுங்கள். வெயிலுக்கும் ஆச்சு. கேப்டன் சோதனை போட்ட பிறகுதான் நாம் ஏறுவோம் என்று சொல்லுங்கள்.

1. எல்லாருக்கும் உயிர் காக்கும் சட்டை இருக்கா? கேப்டன் எண்ணிச் சொல்ல வேண்டும்.

2. எனக்கு என் அளவில் சட்டை இருக்கா? பெரியவர்கள் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் அது மேலே கழன்று போய்விடும். போட்டதும் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது சரியான அளவு இல்லை. கால் இடுக்கு வழியாக மாட்டும் பட்டை இருந்தால் அதையும் மாட்டுங்கள். கொக்கிகளைப் போடாமல் சட்டையைச் சும்மா தோளில் தொங்கவிட்டால் பிரயோஜனம் இல்லை.

3. எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கா? அதற்கு மேல் ஆள் ஏறினால் கேப்டன் "ஏற மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். நாமும் கேட்க வேண்டும்.

4. இது ஆள் ஏற்றும் படகா, மீன் பிடிக்கும் படகா? நாட்டுப் படகும் விசைப்படகும் சுற்றுலாவுக்கு அனுமதி பெற்றவை அல்ல. தெரிந்த அண்ணன் படகாக இருந்தாலும் வேண்டாம்.

5. ஏறும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்டாதீர்கள். பெரியவர் ஒருத்தர் முதலில் ஏற வேண்டும். பிறகு படகு ஊழியர் உதவியோடு பிள்ளை. அடுத்து இன்னொரு பெரியவர். பிள்ளை இல்லாத கை எப்போதும் காலியாக இருக்கட்டும். பையைத் தோளில் மாட்டுங்கள்.

பிள்ளையின் சட்டைக்கு உள்பக்கம் உங்கள் கைபேசி எண்ணை எழுதி ஒட்டுங்கள். பெரிய கப்பலில் கூட்டத்தில் பிரிந்தாலும் கண்டுபிடிக்கலாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழும எண் 1093. இரண்டையும் கைபேசியில் பதிந்து வையுங்கள்.

கடலில் என்ன விளையாடலாம்?

கன்னியாகுமரிப் படகுக்கு ஒன்றிரண்டு விளையாட்டு போதும். நாலு மணி நேரக் கப்பலுக்கு நேரத்தைப் பகுத்துக்கொள்ளுங்கள். முதல் மணி நேரம் வேடிக்கை. அடுத்து கொஞ்சம் சாப்பாடு. பிறகு கதையும் தூக்கமும். கடைசி மணி நேரம் கரை தேடும் விளையாட்டு. எல்லாம் உட்கார்ந்தே விளையாடும் விளையாட்டாக இருக்கட்டும். கண்ணாமூச்சி, ஓடிப்பிடிப்பது எல்லாம் கரையோடு சரி.

காது விளையாட்டு: கண்ணை மூடச் சொல்லுங்கள். என்ன சத்தம் கேட்குது? எஞ்சின் சத்தம், அலை சத்தம், கொடி படபடக்கும் சத்தம், சங்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். பத்து விரலும் நிறைந்தால் பரிசு ஒரு கடலை மிட்டாய். சங்கு திடீரென்று ஊதும்போது சின்னப் பிள்ளை பயந்து அழும். "கப்பல் இப்போ 'போயிட்டு வாரேன்'னு சொல்லப் போகுது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் அழாது, காத்திருந்து கை தட்டும்.

வண்ண விளையாட்டு: கரை ஓரம் தண்ணீர் கலங்கல். கொஞ்சம் தள்ளி பச்சை. ஆழத்துக்குப் போனால் நீலம். 'எப்போ நிறம் மாறுது' என்று முதலில் சொல்பவர் ஜெயித்தவர்.

யார் வாரா விளையாட்டு: பறவை, பாய்மரம், கோலா மீன், ஓங்கில். ஓங்கில் என்பது டால்பின். எதை முதலில் பார்த்தாலும் கையைக் காட்டச் சொல்லுங்கள், எழுந்து ஓடக் கூடாது. "ஓங்கில் வந்தாலும் நாம ஒரே பக்கம் போகக்கூடாது, கிண்ணம் சாயும்ல?" என்று ஞாபகப்படுத்துங்கள்.

கடல் மைல் கணக்கு: கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு. கடலில் தூரத்தைக் கடல் மைலில் கணக்கிடுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 60 கடல் மைல், நேரம் 4 மணி. அப்படியானால் மணிக்கு எத்தனை கடல் மைல்? பிள்ளை விரல் விட்டு எண்ணட்டும். விடை 15.

கரை தேடும் விளையாட்டு: எதிரே வரும் கப்பலில் முதலில் தெரிவது உச்சிக் கம்பம். பிறகுதான் உடம்பு தெரியும். பூமி உருண்டையாக இருப்பதால் அடிப்பாகம் மறைந்திருக்கிறது. ஒரு ஆரஞ்சுப் பழத்தின் மேல் எறும்பு ஏறி வருவதைக் காட்டினால் பிள்ளைக்குப் புரிந்துவிடும். கன்னியாகுமரிக்குப் போனால் வள்ளுவர் சிலையைக் காட்டிக் கணக்குச் சொல்லுங்கள். மொத்த உயரம் 133 அடி, திருக்குறளின் 133 அதிகாரத்துக்கு. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு.

விடுகதை: இதை எங்கள் குழுவில் நாங்களே கட்டினோம். 'காலில்லை, நாடு நாடாப் போகும். வாயில்லை, ஊரு கேட்கக் கத்தும். அது என்ன?' விடை பிள்ளைக்குத் தெரியும். நீங்களும் ரெண்டு கட்டிப் பாருங்கள்.

கதை நேரம்: வ.உ.சி. கப்பல் விட்ட கதையைச் சொல்லுங்கள். முத்துக் குளித்த கதையைச் சொல்லுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லைக் கட்டிக்கொண்டு, கடலடிக்குப் போய்ச் சிப்பி எடுத்து வந்த நம்ம ஊர் ஆட்கள். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் படகில் காத்திருப்பார். கீழே போனவர் கயிற்றை அசைத்ததும் இழுக்க வேண்டும். அதனால் கயிறு பிடிக்க நம்பிக்கையான சொந்தக்காரரையே வைத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு பெரிய முத்துக் குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அம்பாப் பாட்டு தெரிந்த ஆச்சி, தாத்தா கூட வந்தால் இன்னும் நல்லது. பாட வையுங்கள்.

ஒரு விதி மட்டும் கட்டாயம். கடலில் எதையும் எறியக் கூடாது. நம்ம மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆமை, ஓங்கில், கடல்பசு எல்லாம் வாழும் வீடு அது. பிளாஸ்டிக் பையை இழுது மீன் என்று நினைத்து ஆமை விழுங்கிவிடும். பிஸ்கட் உறையைப் பத்திரமாக வைத்திருந்து கரையில் கொட்டும் வேலையையும் குட்டி கேப்டனிடமே கொடுங்கள்.

வாந்தி வந்தால் என்ன செய்ய?

கடல் மயக்கம் நோய் அல்ல. காதின் உள்பகுதி 'உடம்பு ஆடுது' என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ எதிரே இருக்கும் இருக்கையைப் பார்த்து 'ஒன்றும் ஆடலை' என்று சொல்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் மயக்கமும் குமட்டலும் வருகிறது. இரண்டு வயசுக்குள் உள்ள பிள்ளைக்கு இது பெரும்பாலும் வருவதில்லை. அதற்கு மேல் பன்னிரண்டு வயசு வரை அதிகம் வரும்.

• படகின் நடுப்பகுதியில் உட்காருங்கள். முன் அணியத்திலும் பின்பக்கத்திலும் ஆட்டம் அதிகம்.

• தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்க வையுங்கள். கைபேசியில் படம் காட்டாதீர்கள், மயக்கம் கூடும். கைபேசி கொடுத்தால்தான் சும்மா இருக்கும் என்று நினைத்துக் கொடுப்போம், கடைசியில் அதுவே வாந்திக்கு வழி செய்யும்.

• கிளம்பும் முன் வயிற்றைக் காலியாக விடவும் வேண்டாம், பூரி வடை என்று நிரப்பவும் வேண்டாம். ரெண்டு இட்லி போதும். வழியில் வாழைப்பழம், பிஸ்கட்.

• வாந்தி எடுத்தால் வாயைக் கொப்பளிக்க வைத்து, உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள்.

• மாத்திரையை நாமாகக் கொடுக்கக் கூடாது. பிள்ளையின் எடைக்கு எவ்வளவு என்பதை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஒரு மாற்று உடுப்பு, ரெண்டு மூன்று பை, ஒரு துண்டு, குடிதண்ணீர் எப்போதும் கையில் இருக்கட்டும். முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டால் வெயில் காந்தாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழை மாதங்களும் சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். தை, மாசி மாதங்களில் காற்று அடங்கியிருக்கும் நாளாகப் பாருங்கள். போகும் அன்று வானிலை எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக் கம்பியில் பிள்ளையை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு போட்டோவுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். அது யார் என்று முன்பே பேசி வையுங்கள். 'அவர் பார்ப்பாருன்னு நான் இருந்தேன், இவ பார்ப்பான்னு அவர் இருந்தார்' என்று வரக் கூடாது.

அம்மாவும் கடலைப் பார்க்கட்டும்

குடும்பத்தோடு போனாலும் பிள்ளையைத் தூக்குவது, ஊட்டுவது, கழுவுவது எல்லாம் நம்ம தலையில்தான் விழும். திரும்பி வந்ததும் "கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏனென்றால் நாம் கடலையே பார்த்திருக்க மாட்டோம். போகும்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: "போகும்போது பிள்ளை உங்க கையில, வரும்போது என் கையில." குழுவாகப் போனால் இன்னும் எளிது. ஐந்து பிள்ளைக்கு ஐந்து பேர் மாறி மாறிப் பார்க்கலாம். பிள்ளைக்கும் அப்பா மடியில் உட்கார்ந்து கடல் பார்த்தது ஆயுசுக்கும் மறக்காது.

காசுக்கு என்ன வழி?

கடன் வாங்கிச் சுற்றுலா போகாதீர்கள். உள்கடன் பணத்தையும் இதற்கு எடுக்க வேண்டாம். எங்கள் குழுவில் தனியாகச் 'சுற்றுலாச் சேமிப்பு' என்று தீர்மானம் போட்டோம். ஆளுக்கு மாதம் 50 ரூபாய். ஒரு வருஷத்தில் ஆளுக்கு 600. 14 பேருக்கு 8,400 ரூபாய். எல்லாச் செலவுக்கும் இது காணாது. ஆனால் வண்டி வாடகையில் பெரும்பங்கு வந்துவிடும். மீதியை அவரவர் போட்டுக்கொள்ளலாம். தீர்மானப் பதிவேட்டில் எழுதி, தனிக் கணக்காக வைத்து, மாதா மாதம் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வர முடியாதவருக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

பயணம் முடிந்து வந்ததும் டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல் பிள்ளையின் நோட்டில் ஒட்டுங்கள். பக்கத்தில் கப்பல் படம் வரையச் சொல்லுங்கள். என் பேத்தி கன்னியாகுமரி போய் வந்து வரைந்த படத்தில் கடல் இருக்கிறது, படகு இருக்கிறது. படகில் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஆரஞ்சுக் கலரில் சட்டை போட்டிருக்கிறாள். படகு ஓட்டும் அண்ணனுக்கும் போட்டுவிட்டாள்.

கூட்டத்தில் வம்பு வேண்டாம் என்று சொன்ன அக்காவிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, என் பேரையும் எழுதிக்கோ மதினி. ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து" என்றார்.

உங்கள் குழுக் கூட்டத்தில் கலந்து பேச:

1. நம் உறுப்பினர்களின் பிள்ளைகளில் இதுவரை படகிலோ கப்பலிலோ ஏறாதவர்கள் எத்தனை பேர்?

2. நம் ஊரில் அனுமதி இல்லாமல் படகில் ஆள் ஏற்றுகிறார்களா? திருவிழா நேரத்தில் அதைத் தடுக்க நம் கூட்டமைப்பு பஞ்சாயத்திடம் என்ன கேட்கலாம்?

3. அடுத்த தை மாதத்துக்குள் ஒரு குழுச் சுற்றுலாவுக்கு மாதம் எவ்வளவு சேமிக்க முடியும்?

கிண்ணமும் புளியமுத்தும் எல்லார் வீட்டிலும் இருக்கு. முதல் பயணத்தை இன்று சாயங்காலமே சட்டித் தண்ணீரில் தொடங்கிவிடலாம்.